கரி கேட்டு ஒரு கடிதம்

மழை விட்ட மூன்றாம் நாள் காலை ஏழுமலை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டியிருந்தான். செருப்பு கையில் இருந்தது. தோளில் ஒரு பழைய அரிசிப் பை, அதற்குள் பாலிதீன் உறை, அதற்குள் என் சாம்பல் நிற அட்டைக் கோப்பு.

திருவொற்றியூரில் எங்கள் தெரு ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. தண்ணீர் எந்தப் பக்கம் வடிவது என்று முடிவு செய்ய இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். அன்றும் கணுக்கால் அளவு நின்றது.

"எண்ணிப் பாத்துக்க மாமு. ஏழும் கீது."

நான் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, மேசையில் வெள்ளைத் துணி விரித்துக் கோப்பைத் திறந்தேன். ஆறு உறைகளில் ஆறு கடிதங்கள், வைத்தது வைத்தபடி. ஏழாவது உறை காலி.

"அது தனியா கீது." சட்டைக்குள் கையை விட்டு எடுத்தான். ஜன்னல் வெளிச்சத்தில் அது பளபளத்தது. "இன்னா அப்டி பாக்கற? லேமினேஷன். இனிமே ஜென்மத்துக்கும் அழியாது."

வாங்கினேன். விறைப்பாக இருந்தது. நான்கு மூலைகளையும் வட்டமாக, அழகாக வெட்டியிருந்தார்கள். நூற்றைம்பது வயதான தாள், ரேஷன் கார்டு மாதிரி என் கையில் நின்றது.

"நல்லா கீதா?"

"நல்லா இருக்கு," என்றேன்.

நாட்குறிப்பு எழுதத் தொடங்கி முப்பது வருடமாகிறது. அதில் பொய் எழுதியதில்லை. வாயால் சொன்ன பொய்களும் விரல் விட்டு எண்ணக்கூடியவைதான். அந்த இரண்டு சொற்கள் அவற்றில் சேரும்.

எனக்கு வராத கடிதங்கள்

இரண்டு வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில், வெளிநாட்டுத் தபால் பிரிவு கவுண்டரில் ஓர் அதிகாரி என் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை எழுதியிருந்தேன். "உள்ள என்ன?" என்றார். "கடிதம்" என்றேன். "யாருக்கு வந்தது?" என்றார். "எனக்கு வந்ததில்லை, வேறொருவருக்கு. அவர் இறந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது" என்றேன். அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி என்னை முழுதாகப் பார்த்தார்.

அதைப் படித்த ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ராயபுரத்தில் கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருப்பவருக்கு, பிரெஞ்சு நாவலாசிரியர்கள் கைப்பட எழுதிய கடிதங்கள் எதற்கு என்று கேட்கிறார். நியாயமான கேள்வி.

வேலையால் வந்த வினை அது. எங்கள் அலுவலகத்துக்குப் பிரெஞ்சுக் கப்பல் கம்பெனியின் காகிதங்கள் வரும். யாராவது ஒருவர் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று மேனேஜர் சொன்னார். என்னை மாலை வகுப்புக்கு அனுப்பினார்கள். புதுச்சேரியிலிருந்து வந்து வகுப்பெடுத்த ஆசிரியையை மதாம் என்றே அழைப்போம். ஒன்பது பேர் சேர்ந்தோம். ஆறு மாதத்தில் நான் மட்டும் மிஞ்சினேன்.

ஒருநாள் மதாம் பழைய கையெழுத்துப் பிரதி ஒன்றின் நகலைக் கொடுத்து, முடிந்தால் படி என்றார். நான் மளமளவென்று படித்தேன். அவருக்கு ஆச்சரியம். எனக்கு இல்லை. ஹார்பரில் லாரி மேல் உட்கார்ந்து, மழையில், பென்சிலால் எழுதும் எண்ணிக்கைத் தாள்களைப் படித்துப் பழகியவன் நான். பிரெஞ்சுக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுதியிருந்தார்கள்.

அப்படித் தொடங்கியது. பதினெட்டு ஆண்டுகளில் ஏழு கடிதங்கள். ஏலப் பட்டியல்களின் கடைசிப் பக்கத்தில் யாரும் சீந்தாமல் கிடப்பவைதான் என் கைக்கு எட்டும். காதல் கடிதம் கிடையாது. இலக்கியச் சண்டை கிடையாது. ஒருவர் விருந்துக்கு வர முடியவில்லை என்கிறார். ஒருவர் பேரிக்காய் அனுப்பியதற்கு நன்றி சொல்கிறார். இன்னொருவர் மறந்து வைத்த குடையைக் கேட்கிறார். அவர்கள் பெயர்களை இந்தத் தொடரில் எழுதுவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பெயரைச் சொன்னால் பேரிக்காய் மறந்துவிடும்.

நம்ம கரிக்காரரு

ஏழுமலை லேமினேஷன் செய்தது, ஏழிலும் எனக்குப் பிடித்த கடிதம்.

உலகமே படித்த நாவலாசிரியர் ஒருவர் தன் தெருக்கோடி கரி வியாபாரிக்கு எழுதியது. போன முறை நீங்கள் அனுப்பியதில் பாதி தூள் என்கிறார். அடுப்பில் போட்டால் எரியாமல் புகைகிறது, கட்டியாகப் பார்த்து அனுப்புங்கள், குளிரில் விரல் விறைத்து என்னால் எழுத முடியவில்லை என்கிறார். அவ்வளவுதான். கீழே கையெழுத்து. மடிப்பில் சிவப்பு அரக்கு முத்திரையின் ஒரு துணுக்கு. வலது மூலையில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் தடம். கடிதத்தை வாங்கிப் பிரித்த கரி வியாபாரியின் விரல் என்றுதான் நினைக்கிறேன்.

நான் வளர்ந்தது ஹார்பரை ஒட்டிய ராயபுரத்தில், கல்மண்டபம் பக்கம். அப்போது ஹார்பரில் கரி இறங்கும். காற்று கடலிலிருந்து திரும்பினால் அம்மா மாடிக்கு ஓடுவார், காயும் துணியை எடுக்க. எடுப்பதற்குள் வெள்ளை வேட்டி சாம்பலாகிவிடும். மூக்கைச் சிந்தினால் கறுப்பு. வெந்நீர் அண்டாவின் மூடியில் விரலால் பெயர் எழுதலாம். ஏலப் பட்டியலில் அந்த மூலைத் தடத்தின் படத்தைப் பார்த்ததும் எனக்கு அந்த மூடி ஞாபகம் வந்தது.

ஏழுமலை அந்தக் கரி யார்டில் கூலியாக இருந்து மேஸ்திரி ஆனவன். நான் எண்ணிக்கை சரிபார்க்கப் போவேன். நட்பு அங்கே பிடித்தது. கரி எங்கள் ஹார்பரை விட்டு எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போன பிறகு அவன் கன்டெய்னர் யார்டுக்கு மாறினான். நட்பு மாறவில்லை.

கடிதம் வந்த வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவனிடம் அதைப் படித்து, தமிழில் சொன்னேன். தயிர் சாதக் கையோடு சிரித்தான்.

"தூள அனுப்ச்சிட்டானா? அட பாவி. எல்லா ஊர்லயும் கரிக்காரன் கரிக்காரன்தான் மாமு. மேல கட்டி, அடில தூளு. நானே அப்டி எத்தினி லோடு பாத்துக்கீறேன்."

அன்றிலிருந்து அந்த உலகப் புகழ் நாவலாசிரியர் அவனுக்குக் 'கரிக்காரரு' ஆனார். கரி கேட்டவர் அவர், விற்றவர் வேறு என்று திருத்திப் பார்த்தேன். எடுபடவில்லை. "கரிக்காரரு சௌக்கியமா?" என்று போனில் விசாரிப்பான்.

பை கொடுப்பது

ஏழுமலையின் வீடு வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாம் மாடி, அதற்கு மேல் மொட்டை மாடிதான். அந்த பிளாக்கில் ஒரு வழக்கம் உண்டு. பெருமழை எச்சரிக்கை வந்தால், கீழ் வீட்டுக்காரர்கள் அரிசி பருப்பைக்கூட அப்புறம்தான் பார்ப்பார்கள். முதலில் காகிதப் பையை மேலே கொண்டு போய்க் கொடுப்பார்கள். ரேஷன் கார்டு, வீடு ஒதுக்கீட்டு ஆணை, பிள்ளைகளின் மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாம் ஒரே பையில். பையின் காதில் பெயர் எழுதிய துணி. மழை விட்டதும் வந்து வாங்கிக்கொள்வார்கள். பத்தொன்பது குடும்பங்களின் பைகள் ஏழுமலை வீட்டில்தான் மழைக்காலத்தைக் கழிக்கும்.

இதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் வந்த வெள்ளத்தில் அவன் கீழ் வீட்டில் குடியிருந்தான். எல்லாக் காகிதமும் கூழாகிவிட்டது. மகளின் மார்க் ஷீட்டுக்கு நகல் வாங்க அவனும் அவன் மனைவி பவானியும் அலைந்த அலைச்சலை நான் கூடவே இருந்து பார்த்தேன். ஒரு கவுண்டரில், நீங்கள்தான் ஏழுமலை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். அவன் தன் கையை நீட்டிக் காட்டினான். வேறென்ன காட்டுவது?

நகல்கள் கிடைத்த அன்றே எல்லாவற்றையும் லேமினேஷன் போட்டான். மின் கட்டண ரசீதைக்கூட. அதன் பிறகு மூன்றாம் மாடி வீடு காலியானதும் கெஞ்சிக் கேட்டு மாறினான். கையில் வந்த காகிதம் பிளாஸ்டிக் உறை இல்லாமல் இருந்தால் அவனுக்குத் தூக்கம் வராது.

எனக்குத் தரைத்தள வீடு. அந்த மழைக்கு நானும் இருபதாவது ஆளாகப் பையைக் கொடுத்தேன்.

இரண்டாம் நாள் அவன் வீட்டுக் கூரை ஒழுகத் தொடங்கியது. ஒரு மூலை தவிர எல்லா இடமும் சொட்டு. என் கோப்பின் அட்டையில் ஒரு துளி விழுந்ததைப் பார்த்திருக்கிறான். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, ஜெனரேட்டர் ஓடிய ஒரே ஜெராக்ஸ் கடையைத் தேடிப் போயிருக்கிறான், சட்டைக்குள் ஒரு கடிதத்தோடு.

"ஏழு லெட்டரயும் எட்த்துனு போயிருக்கலாம். ஒரே ஒரு ஷீட்டுதான் மிச்சம் கீதுன்னு கடக்காரன் போன்ல சொல்ட்டான்," என்று அன்று காலை என் மேசையருகே நின்று வருத்தப்பட்டான். "யார மொதல்ல காப்பாத்தறது? நம்ம ஆளத்தான். மத்த ஆறயும் குடு, திங்கக்கெயம சரக்கு வந்துரும், போட்டுனு வந்துர்றேன்."

"வேணாம்," என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

"ஏன்?"

"அதெல்லாம் சின்ன சின்ன லெட்டர். அப்படியே இருக்கட்டும்."

இது அன்றைய இரண்டாவது பொய்.

காலியாக விட்ட கட்டம்

கடிதங்களுக்கு ஒரு பதிவேடு வைத்திருக்கிறேன். கடிதத்துக்கு ஒரு பக்கம். அளவு, தாள், மை, நிலை. கடைசியாக 'யார் யார் கையில் இருந்தது' என்று ஒரு கட்டம். சேகரிப்பவர்களுக்கு அந்தக் கட்டம்தான் உயிர்.

அன்று சாயங்காலம் பதிவேட்டில் அதற்கு ஒரு புதுப் பக்கம் திறந்து வைத்துக்கொண்டு, கடிதத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். எழுத்து கலையவில்லை. அரக்குத் துணுக்கு மட்டும் இயந்திரத்தின் சூட்டில் உருகி, நெற்றியில் வழிந்த குங்குமம் போல மடிப்பு நெடுகப் பரவியிருந்தது. பசை தாளுக்குள் இறங்கிவிட்டது. பிரித்தால் பிளாஸ்டிக்கோடு மையும் வரும்.

'நிலை' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? நடந்ததை எழுதினால் எப்படி நடந்தது என்றும் எழுத வேண்டும். எழுதிய பிறகு அவனிடம் சொல்லாமல் இருப்பது எப்படி? சொன்னால், ஊர்க் காகிதத்தையெல்லாம் காப்பாற்றுகிற மனிதனிடம், உன் கையில் ஒன்று செத்தது என்று சொல்வதாகும். பேனாவை மூடி வைத்தேன். கட்டம் மூன்று மாதம் காலியாகக் கிடந்தது.

மாசியில் மதாம் போன் செய்தார். புதுச்சேரியில் ஒரு பழைய வீட்டின் வாசிப்பறையில் இப்படிப்பட்ட கடிதங்களைக் காட்சிக்கு வைக்கிறார்கள், கரிக் கடிதம் வேண்டும் என்றார். நடந்ததைச் சொன்னேன்.

"படிக்க முடியுதா?"

"முடியுது மதாம்."

"அப்போ கொண்டு வா. உன் சிநேகிதருக்குத் தெரியுமா?"

"இல்லை."

"ம்," என்றார். மாணவனின் கட்டுரையில் ஒரு வரியின் அடியில் கோடு போடுவது போன்ற 'ம்'.

கடிதத்தை முன்னாலேயே கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். ஏழுமலைக்கு விஷயம் தெரிந்ததும், காட்சியைப் பார்க்க அவனே கிளம்பிவிட்டான். "நம்ம கரிக்காரரு எக்ஜிபிஷன்ல குந்திகினு கீறாரு, நான் வராம?" இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் எல்லாக் கதையும் சொன்னான். "அந்தத் தண்ணில, இந்தா, இதுவரைக்கும், நெஞ்சோட அணச்சிகினு போனேன் சார்." இடுப்பளவு நெஞ்சளவாக ஏறியிருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இருபத்து மூன்று

வாசிப்பறையில் வெளிச்சத்தைக் குறைத்திருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிகள். உள்ளே பஞ்சு வைத்த துணி மேல் கடிதங்கள், மடிப்பு மடிப்பாக, பழுப்பாக, தூங்குவது போல. ஒரு பெண் கையைக் கழுவி உலர்த்திக்கொண்டு வந்து, ஒரு தாளை ஓரத்தில் மட்டும் தொட்டுத் திருப்பி வைத்தாள்.

ஏழுமலை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முதல் பெட்டியிலிருந்து பார்த்து வந்தான். யார்டில் லோடு சரிபார்க்கிற நடை அது. அவசரமே இல்லாமல் ஒரு சுற்று முடித்தான். பிறகு இன்னொரு சுற்று. பிறகு என்னிடம் வந்தான்.

"மொத்தம் இருவத்திமூணு லெட்டரு மாமு."

"ஆமா."

"இருவத்திரண்டு ஒரு மாரி கீது. நம்முது மட்டும் பளபளன்னு கீது."

நான் பெட்டியின் பெயரட்டையைப் படிப்பது போல் குனிந்தேன்.

"இவ்ளோ பெரிய ஊர்ல லேமினேஷன் கட இல்லாமலா பூடும்?" குரல் இறங்கிவிட்டது. "தப்பு பண்ட்டனா?"

"ஆமா."

"ரிப்பேர் பண்ண முடியாதா?"

"முடியாது."

"ஒனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"அப்பறம் எதுக்கு நல்லா இருக்குன்ன?" அவன் கண் என் முகத்தில் இல்லை, பெட்டியில் இருந்தது. "ஒரு அற வுட்ருக்கலாம் மாமு. வாங்கிகினு போயிருப்பேன். மூணு மாசமா ஊரெல்லாம் சொல்லிகினு கீறேன். பவானியோட அக்கா வூடு வரிக்கும். பஸ்ஸுல அந்தாளாண்ட கூட. நீ பக்கத்துல குந்திகினு கேட்டுனு வர்ற."

மதாம் எங்களை நோக்கி வந்தார். அவன் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நின்று, மேசைப் பக்கம் போய், இரண்டு கோப்பைகளில் காப்பி ஊற்றி அனுப்பினார். அவன் குடிக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அவன் முன் சீட்டில் தனியாக உட்கார்ந்தான். மகாபலிபுரம் தாண்டியதும் திரும்பாமலே கேட்டான்:

"அந்தக் கட்டவெரல் மார்க்கு? அதுவும் பூட்ச்சா?"

"இல்லை. அது அப்படியே இருக்கு."

தலையை மட்டும் ஆட்டினான்.

வீட்டுக்கு வந்து பதிவேட்டை எழுதி முடித்தேன். நிலை: பிளாஸ்டிக் உறையில் ஒட்டிவிட்டது, பிரிக்க இயலாது, அரக்கு உருகியது. யார் யார் கையில் இருந்தது: கரி வியாபாரி, அவர் குடும்பம், ஒரு விற்பனையாளர், நான். அதன் கீழே, 'ஏழுமலை, வியாசர்பாடி, வெள்ளத்தின்போது.'

மறு மழை

அதற்குப் பிறகு போன் வரவில்லை. நான் செய்தால் பவானி எடுத்து, "குளிச்சிகினு கீறாருண்ணே" என்பார். எட்டு மாதத்தில் அவ்வளவு குளியல் யாருக்கும் தேவைப்படாது.

ஐப்பசியில் எச்சரிக்கை வந்தது. அன்று காலை பவானியே போன் செய்தார்.

"அண்ணே, இந்த வருசம் யார் பையும் வாங்க மாட்டேன்னு கதவச் சாத்திக்கினு கீறாரு. கீய் வூட்டு ஜனமெல்லாம் படில குந்தினு கீதுங்க. என்னால பதில் சொல்ல முடில. நீங்க சொன்னா கேப்பாரு."

நான் சொல்லிக் கேட்பானா என்று எனக்குத் தெரியாது. சொல்ல என்ன இருக்கிறது என்றும் தெரியாது. கோப்பை எடுத்துப் பாலிதீனில் சுற்றிக்கொண்டு போனேன்.

படிக்கட்டு முழுக்க ஆட்கள், மடியில் பைகள். வெளியே தூறல் தொடங்கியிருந்தது. கீழ் வீட்டு முனியம்மா என்னைப் பார்த்ததும், "நீ இன்னா பண்ண நைனா எங்க மேஸ்திரிய? புதுச்சேரி போய்ட்டு வந்ததுலேர்ந்து ஆளே செரியில்ல," என்று ஒரு பிடி பிடித்தார்.

கதவைத் தட்டினேன். "மாமு" என்று ஒரு குரல் கொடுத்தேன். அந்தச் சொல்லால் அதுவரை அவன்தான் என்னை அழைத்திருக்கிறான்.

கதவு ஒரு கையளவு திறந்தது. கோப்பை நீட்டினேன்.

"என்னாண்ட வேணாம். என் கை செரியில்ல."

"உன் கை வேணாம்னா தண்ணி கைலதான் குடுக்கணும். என் வீடு தரைத்தளம்."

"போன தபா இன்னா ஆச்சுன்னு தெரியுமில்ல?"

"தெரியும். புஸ்தகத்துல எழுதி வெச்சிருக்கேன். நான் நல்லா இருக்குன்னு சொன்னதுதான் அதைவிடத் தப்பு. அதை எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு தெரியல."

அவன் கதவை முழுதாகத் திறந்தான். பிறகு உள்ளே போனான். குழாய்ச் சத்தம் கேட்டது. துண்டால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு வந்து, கட்டிலில் துணி விரித்துக் கோப்பைத் திறந்தான். உறைகளை ஓரத்தில் மட்டும் தொட்டு எண்ணினான், புதுச்சேரியில் அந்தப் பெண் செய்த மாதிரியே.

"ஆறுதான் கீது."

"ஏழாவது புதுச்சேரிலேர்ந்து திரும்பி வந்து வீட்ல இருக்கு. வெள்ளமே வந்தாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. நீதான் பண்ணி வெச்சிருக்கியே."

அவன் வயிறு குலுங்கச் சிரித்தான். வாசலில் முனியம்மா, "சிர்ச்சிட்டான், பைய எட்த்தாங்கடி!" என்று கீழே பார்த்துக் கத்தினார். படிக்கட்டு முழுதும் எழுந்து மேலே வரத் தொடங்கியது.

ஏழுமலை என் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினான்.

"போய் அத்தயும் எட்தா."

"அதான் தேவையில்லைன்னு..."

"இந்த ஆறு பேரும் யாருன்னே எனக்குத் தெரியாது மாமு. அவுரு ஒருத்தருதான் நமக்குப் பயக்கம். தனியா வுட்டு வருவியா?"

மழை வலுத்துக்கொண்டிருந்தது. ஷேர் ஆட்டோ பிடித்துத் திருவொற்றியூர் போய், கடிதத்தை எடுத்துக்கொண்டு அதே வழியில் திரும்பினேன். நான் படியேறியபோது பத்தொன்பது பைகளும் பரணில் இருந்தன. கூரை இரண்டு இடத்தில் சொட்டத் தொடங்கியிருந்தது. அந்த வீட்டில் ஒழுகாத மூலை ஒன்றுதான். அங்கே என் ஆறு உறைகளையும் வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு தாள் அளவுக்கு இடம் விட்டிருந்தான்.

அந்தக் கடிதத்துக்கு ஒழுகாத மூலை தேவையில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஓரத்தில் மட்டும் தொட்டு வாங்கி, அங்கேயே வைத்தான்.